வாசலில் நிற்கிற ஆள்

எங்கள் பக்கத்தில் வாடையை வைத்தே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். மீன் வாடை என்றால் கடலிலிருந்து. கண் எரிந்தால் வடக்கே எண்ணூரிலிருந்து. கண் எரியும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். எதனால் எரிகிறது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள் நாங்கள். எனக்கு உதிரப்போக்கு நிற்காமல் இழுத்துக்கொண்டே போனபோதும் அப்படித்தான் இருந்தேன். உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டி, மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு எடைமேடையில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். தகரக் கூரை போட்ட அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பதிந்து சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்க மாட்டேன் என்கிற டிரைவர்களோடு கத்துவதும் அந்த வேலையோடு சேர்ந்ததுதான். அங்கே போய்த்தான் என் வாய் இப்படி ஆனது என்பாள் அண்ணி. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பான் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் நாற்பதைத் தாண்டிவிட்ட எனக்கு, ராயபுரத்தில் அவர்கள் வீடுதான் வீடு.

கொடியில் நான் காயப்போடும் துணிகளைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தாள். “இன்னா பாப்பா, மாசம் முச்சூடும் இப்டியே கீது? எய்ந்திரு, டாக்டராண்ட போலாம்” என்று இழுத்துக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து கொஞ்சம் சதையைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிந்த அன்று நானும் அண்ணியும் மட்டும் போயிருந்தோம். கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் என்று டாக்டர் அம்மா சொன்னார். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை, எத்தனை நாள் லீவு போட வேண்டியிருக்கும் என்று கேட்டேன். அண்ணி என் கையை விடவே இல்லை.

ஸ்கேன் எல்லாம் முடிந்தபிறகு அதே டாக்டர் அம்மா என்னை எதிரே உட்காரவைத்துப் பேசினார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர்.

“ஆரம்ப நிலை மாதிரிதான் தெரியுது. கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணும், அதுல பேச்சே இல்ல. மத்த ரெண்டு விஷயத்தைத்தான் நீங்க யோசிக்கணும்.”

முதலாவது, சினைப்பைகள். பெரும்பாலும் அவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுவது வழக்கமாம். என் வயதில், நோய் மேலாக மட்டும் இருந்தால், விட்டுவைக்கவும் செய்யலாமாம். எடுத்தால் மாதவிடாய் நின்றுபோகிற காலம் ஒரே நாளில் வந்து சேரும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. விட்டுவைத்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒளிந்திருக்கிற ஆபத்து கொஞ்சம் உண்டு. இரண்டாவது, இடுப்புக்குள் இருக்கிற நிணநீர்க் கணுக்கள். நோய் வெளியே பரவினால் முதலில் அங்கேதான் போகும். ஒரு சாயத்தை ஏற்றி, அந்தச் சாயம் முதலில் போய்ச் சேருகிற கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிடலாம். வழித்து எடுத்தால் சிலருக்குக் கால் வீங்கும், வீங்கினால் அது ஆயுசுக்கும் கூடவே வரும்.

“நிறைய எடுத்தா நிறைய நாள் இருப்பேனா டாக்டர்?” என்று கேட்டேன்.

“உங்களை மாதிரி ஆரம்ப நிலையில அப்படிச் சொல்ல முடியாது. நோய் கர்ப்பப்பைச் சுவர்ல பாதிக்கு மேல இறங்கியிருந்தா கதை வேற. அது திறந்து பார்த்தாதான் தெரியும்.”

நான் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கர்ப்பப்பை போகட்டும். சினைப்பைகள் இருக்கட்டும். கணுக்களில் சாயம் ஏறியதை மட்டும் எடுத்தால் போதும். பிள்ளை பெற்றுக்கொள்ளும் ஆசை எல்லாம் இல்லை, அந்தப் பஸ் எப்போதோ போய்விட்டது. என் உடம்பில் எது நன்றாக இருக்கிறதோ அது என்னிடமே இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாவதற்கு எனக்குப் பயம் இருந்தது. அதைவிட, உயிரோடு இருந்துகொண்டே ஒவ்வொன்றாக இழந்துகொண்டு போவதற்குப் பயமாக இருந்தது.

விஷயம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? குழாயடியில் என்னை மடக்கிப் புத்தி சொன்னார்கள். “கல்யாணமும் ஆவல, கொயந்தயும் இல்ல. அது இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? அல்லாத்தையும் எட்த்துட்டு நிம்மதியா இரு” என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். “உனக்கு மூக்கு இருந்து இன்னா பண்ற, ஊர் வம்ப மோந்துகினுதானே கீற, அத்த எட்த்துடேன்” என்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு குழாயடியில் எனக்கு இடம் விட்டார்கள், பேச்சைத்தான் நிறுத்திவிட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரியைச் சமாளிக்கலாம், அண்ணனைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அவன் காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் தகடு வெட்டுகிறவன். உப்புக் காற்றில் அரித்துப்போன கப்பல் தகட்டை வெட்டியெடுத்து, அங்கே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது அவர்கள் வேலை. உலகத்தில் எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் அவனுக்கு அந்தத் தகடுதான் ஞாபகம் வரும்.

“த பாரு பாப்பா, துரு புட்ச்ச எடத்த கண்ணுக்குத் தெரியற வரைக்கும் மட்டும் வெட்டக் கூடாது. வெட்டுனா அட்த்த வருசம் அதே எடத்துல ஓட்ட வுயும். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டிக்கினே போவணும்.”

“நீ வெட்டிட்டு வேற தகடு வெச்சு ஒட்டுவ. எனக்கு எந்தக் கடையிலண்ணா வாங்கி ஒட்டுவ?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் படிக்கவைத்தவன். அவன் பயந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. பயந்தவனிடம் சண்டை போடுவது பாறையில் முட்டிக்கொள்வது மாதிரி.

அதற்குள் எனக்கு இன்னொரு விஷயம் தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வள்ளூர்ப் பக்கம் வீடு. அவருக்கு முந்தைய வருஷம் இதே ஆபரேஷன் நடந்திருந்தது. என்னென்ன எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“எனக்கின்னாம்மா தெரியும்? எம்புள்ளதான் பாத்தான். தியேட்டர் வாசலாண்ட கூட்டியாந்து, எட்த்தத தட்டுல வெச்சு அவனாண்டதான் காட்னாங்க. அவனாண்டதான் கேட்டாங்க. அவன் சரின்னான்.”

“அப்புறமாவது மகன் சொன்னாரா?”

“கேட்டேன். அத்தெல்லாம் உனக்கு வாணாம்மா, உடுன்னான். வுட்டுட்டேன்.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தன் வயிற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமலே ஒரு வருஷமாக அவர் சமைத்துக்கொண்டும் மாவு அரைத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

எனக்கும் அப்படி வாசலில் நிற்கிறவர்களிடம்தான் கேட்பீர்களா என்று அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

“ஆமா. கர்ப்பப்பையை எடுத்ததும் உடனே லேபுக்கு அனுப்புவோம். எவ்வளவு ஆழம்னு கொஞ்ச நேரத்துல சொல்லிடுவாங்க. தெளிவா இருந்தா நாம பேசினபடியே செஞ்சுடுவேன். ரெண்டுங்கெட்டானா இருந்தா வெளியே வந்து கேட்பேன். நீங்க மயக்கத்துல இருப்பீங்க. வாசல்ல நிக்கிறவங்கதான் சொல்லணும். யார் நிக்கப்போறாங்க?”

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணி நின்றால், டாக்டர் கேட்ட மறுநிமிஷம் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்ப்பாள். எடைமேடையில் என்னோடு வேலை செய்கிற தோழி நிற்கிறேன் என்றாள். அவளுக்கு என்னைவிட வாய் அதிகம், சரியான ஆள்தான். ஆனால் ரத்த சொந்தம்தான் நிற்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்த சொந்தம் என்று எனக்கு இருப்பது அண்ணன் ஒருவன். கர்ப்பப்பையையும் சாயம் ஏறிய கணுவையும் தவிர எதையும் தொடக்கூடாது என்று நினைக்கிற நான், எல்லாவற்றையும் வெட்டு என்கிறவனை வாசலில் நிறுத்த வேண்டும்.

எங்கள் தெருவில் வாக்குக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படகில் பங்குள்ளவர்களுக்குள் தகராறு வந்தால், கோவிலுக்குப் போய் ஒரே மெழுகுவர்த்தியை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து, மாதா முன்னால் வாக்கைச் சொல்லி, அங்கேயே ஏற்றிவைத்துவிட்டு வருவார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஞாபகம் இருக்கிறதா என்றுகூடக் கேட்கக் கூடாது. கேட்டால் மாதாவையே சந்தேகப்பட்டதாக அர்த்தம். அண்ணனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவன் மறுப்பான் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. மெழுகுவர்த்தியை என் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, “பாப்பா இன்னா சொல்லிக்கிதோ அத்தத்தான் நான் சொல்வேன்” என்றான். எனக்கு அழுகை வந்தது. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் அட்மிட் ஆன அன்று டாக்டர் ஒரு வழி சொன்னார். “நீங்க இவ்வளவு உறுதியா இருந்தா இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க. சந்தேகமா இருந்தாலும் எடுக்க வேண்டாம், அப்புறம் தேவைப்பட்டா இன்னொரு ஆபரேஷனுக்குச் சம்மதம்னு. நான் வெளியே வந்து யாரையும் கேட்க மாட்டேன்.”

அண்ணன் கதவருகே ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கேட்டிருக்கும். நான் எழுதிக் கொடுத்தால், மெழுகுவர்த்தி பிடித்த கையை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும். எங்கள் தெருவில் வளர்ந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் பேனாவை வாங்கியிருப்பாள்.

“வேணாம் டாக்டர். அண்ணன் சொல்லுவாரு” என்றேன்.

டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அண்ணன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைபாதை ஜன்னல் திறந்திருந்தது, எண்ணூர்க் காற்று உள்ளே வந்தது, எனக்குக் கண் எரிந்தது. தள்ளுகிறவர் தும்மிக்கொண்டே தள்ளினார். தியேட்டர் வாசலில் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். அண்ணன் வேலைக்குப் போகிற நாளில் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான், நெஞ்சில் தீப்பொறி விழுந்து பொத்தலான சட்டை. அவனுக்கு வேறு நல்ல சட்டைகள் இருந்தன. ஏன் இதைப் போட்டுக்கொண்டு வந்தான் என்று நினைத்தேன். மனசுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கக் கூடாது என்பது முறை. கேட்காமலே உள்ளே போனேன்.

மயக்கம் தெளிந்தபோது அண்ணி தலைமாட்டில் இருந்தாள். அண்ணனைக் காணவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள்.

“அண்ணி, டாக்டர் வெளிய வந்தாங்களா?”

“நீ தூங்கு பாப்பா.”

“வந்தாங்களா?”

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு விளங்கிவிட்டது. பிறகு நடந்ததை விட்டு விட்டுச் சொன்னாள். ஆழம் பாதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, லேபில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று டாக்டர் சொன்னாராம். இடதுபக்கம் சாயமும் சரியாக ஏறவில்லையாம். சினைப்பைகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன, உங்கள் தங்கை அவற்றை விட்டுவைக்கத்தான் விரும்பினார், என்ன செய்யலாம் என்று கேட்டாராம். லேபிலிருந்து திரும்பி வந்த கர்ப்பப்பை ஒரு கிண்ணத்தில் இருந்ததாம். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

“அப்புறம் ஒரே வார்த்ததான் சொன்னாரு. அல்லாத்தையும் எட்த்துடுங்கன்னாரு. டாக்டரு மறுக்காவும் கேட்டாங்க. மறுக்காவும் அதையேதான் சொன்னாரு.”

நான் கத்தவில்லை. கத்தினால் தையல் இழுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் எனக்கு உதவிக்கு வரவில்லை.

அதற்கப்புறம் இருந்தது பயாப்சி முடிவுக்கான காத்திருப்பு. அந்த நாட்களில் அண்ணன் என் முன்னால் வரவில்லை. வார்டு வாசலில் வந்து நின்று, அண்ணியிடம் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போவான். அவன் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்கும். படுத்துக்கொண்டு நான் ஒரு அசிங்கமான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்ததில் நோய் இருந்தால், அவன் செய்தது சரி. நோய் இல்லை என்றால், என் பேச்சு சரி. நான் நினைத்தது சரியாக வேண்டும் என்றா வேண்டிக்கொள்வது? அவன் நினைத்தது சரியாகிவிட்டால் எனக்கு நோய் பரவியிருக்கிறது என்று அர்த்தம். எதைக் கேட்டு வேண்டுவது என்று தெரியாமல் ஜெபமாலையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் திடீரென்று உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. மின்விசிறிக்கு நேர்கீழே படுத்திருந்தும் கழுத்திலிருந்து வேர்வை வழிந்தது. காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். சினைப்பை எடுத்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றாள்.

முடிவு வந்த அன்று அண்ணன் முதல்முறையாக உள்ளே வந்தான். கையில் லட்டுப் பெட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வார்டில் இருந்த எல்லாக் கட்டிலுக்கும் போய் லட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தான்.

“பாப்பா, ஒண்ணுமே இல்லியாம். ஆழமும் பாதிக்கு மேல போவலியாம். எட்த்தது அல்லாத்துலயும் ஒண்ணுமே இல்லியாம். அல்லாம் நல்லாக்கீதாம்.”

அவன் அழுதுகொண்டே சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரி மாதாவே என்று கும்பிட்டாள். அண்ணி என் நெற்றியில் சிலுவை போட்டாள். அந்த வார்டு முழுக்க எனக்காகச் சந்தோஷப்பட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. உயிர் பிழைத்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் ஒரு பெருமூச்சு வந்தது. அது முழுதாக வந்து முடிவதற்குள் அடுத்த எண்ணமும் வந்துவிட்டது. நல்லா இருந்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

“நல்லா இருந்ததை ஏண்ணா எடுக்கச் சொன்ன? கையில மெழுகுவர்த்தி புடிச்சிதானே சொன்ன?”

அவன் லட்டுப் பெட்டியை மூடினான். பெட்டியின் நூலைச் சுற்றிக் கட்டினான்.

“மாதா என்ன மன்னிச்சிடுவா பாப்பா. நீ பூட்டின்னா நான் யாராண்ட போயி மன்னிப்பு கேக்கறது?”

அதைக் கேட்டும் என் கோபம் தணியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, எடைமேடை வேலைக்குத் திரும்பியிருந்தபோது, ஒரு சாயங்காலம் இடதுகால் செருப்புக்குள் நுழையவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தே இருந்ததால் இருக்கும் என்று தோழி சொன்னாள். மறுநாளும் நுழையவில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் பார்த்தார், கணுக்களை வழித்து எடுத்ததால் வந்த வீக்கம்தான் என்றார். காலை எழுந்தவுடன் பாதத்திலிருந்து தொடை வரைக்கும் ஒரு இறுக்கமான உறையை மாட்டிக்கொள்ள வேண்டும், இரவு வரைக்கும் கழற்றக் கூடாது, இது இனி எப்போதைக்கும் என்றார். உறை அவ்வளவு இறுக்கம், தனியாக மாட்ட முடியாது. குனிந்து இழுத்தால் வயிறு சுண்டுகிறது. அண்ணிக்குக் கையில் அந்த அளவு வலு இல்லை.

ஆகவே தினமும் காலையில், காட்டுப்பள்ளிக்கு வேன் வருவதற்கு முன்னால், அண்ணன் என் கட்டிலுக்குக் கீழே முட்டி போட்டு உட்காருகிறான். காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மடிப்பு விழாமல், கொஞ்சம் கொஞ்சமாக உறையை மேலே ஏற்றுகிறான். நான் பேசுவதில்லை. அவனும் பேசுவதில்லை. முடித்ததும் வலிக்கிறதா என்று மட்டும் கேட்பான். இன்னும் நான் அவனை மன்னிக்கவில்லை, அது அவனுக்கும் தெரியும். வலதுகாலையும் தூக்கி அவன் மடியில் வைக்கிறேன். அது வேண்டாம் பாப்பா, அது நல்லாத்தான் கீது என்று அவன் மெதுவாக அதைக் கீழே இறக்கிவைக்கிறான்.